முரட்டுப் பெட்டியின் மூச்சு

கீழே கான்கிரீட் தரை. அதன்மேல் இரண்டு அங்குலக் கனத்தில் பிளைவுட் பலகை. நாலடி உயரத்தில் ஒரு கொக்கியில் மடிக்கணினி தொங்குகிறது. கொக்கியை விடுவிக்கிறார்கள், தட்டென்று விழுகிறது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தொங்கவிடுகிறார்கள். இம்முறை வேறொரு பக்கம் கீழே வரும்படி. செவ்வகப் பெட்டிக்கு முகங்கள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு, மூலைகள் எட்டு. கூட்டிப் பாருங்கள், 26. அத்தனையாலும் ஒருமுறை விழுந்தாக வேண்டும். அமெரிக்க ராணுவத் தரப்பு 1962-இல் முதலில் வெளியிட்டு இன்றுவரை திருத்திக்கொண்டே வரும் ‘மில்-எஸ்டிடி-810’ என்ற சோதனைத் தொகுப்பில் உள்ள வீழ்ச்சிச் சோதனை இது.

நாலடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்தான். ஆபத்து வேகத்தில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் போதும். உள்ளே இருப்பவை எத்தனை மடங்கு புவியீர்ப்பைத் தாங்க வேண்டும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றால் 1,200 மடங்கு. ஒரு சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் 120 மடங்கு. தென்னை இதை எப்போதோ தெரிந்துவைத்திருக்கிறது. அறுபதடியிலிருந்து விழும் காயைக் காப்பாற்றுவது ஓடு அல்ல, அதைச் சுற்றியுள்ள நார். மட்டை உரித்த தேங்காயை மாடியிலிருந்து போட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். கணினியின் நான்கு மூலைகளிலும் தடித்த ரப்பர் வைப்பதும், ஹார்டு டிஸ்க் இருந்த காலத்தில் அதை ஜெல் மெத்தையில் படுக்கவைத்ததும் இந்த நார் வேலைதான்.

இத்தகைய கணினிகளைத் தொழில் வட்டாரத்தில் ‘ரக்கட் கம்ப்யூட்டர்’ என்பார்கள். நாம் முரட்டுக் கணினி என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்தில், எண்ணெய்க் கிணற்று மேடையில், போலீஸ் வண்டியில், குளிர்பதனக் கிடங்கின் ஃபோர்க்லிஃப்டில், போர்க்களத்தில் ஓடுபவை. விளம்பரப் படங்களில் இவை எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும். மேலே ஜீப் ஏறிக்கொண்டே இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் அடி வாங்குவது எளிய பகுதி. கடினமான பகுதி சத்தமில்லாமல் நடப்பது: சூடு, ஈரம், உப்பு, வருடங்கள். பெட்டிக்கும் அப்படித்தான், பெட்டி செய்யும் கம்பெனிக்கும் அப்படித்தான்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே உதாரணம் வேண்டுமென்றால் கிரிட் கம்பாஸைச் சொல்வேன்.

ஜான் எல்லென்பி இங்கிலாந்தில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1979 வாக்கில் அங்கிருந்து வெளியேறி கிரிட் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அவர் கேட்டது, கைப்பெட்டிக்குள் அடங்கும் முழுக் கணினி. அதுதான் கம்பாஸ். வடிவமைத்தவர் பில் மாக்ரிட்ஜ். திரையை விசைப்பலகையின் மேல் மடித்து மூடுகிற, இன்று எல்லா மடிக்கணினிக்கும் பொதுவாகிவிட்ட அந்த அமைப்பு இங்கே உருவானதுதான். அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். 1982-இல் விற்பனைக்கு வந்தபோது விலை 8,150 டாலர். எடை ஐந்து கிலோ அளவில். பேட்டரி கிடையாது, சுவரில் செருகித்தான் ஓட்ட வேண்டும். ஆறு அங்குலத் திரையில் எழுத்துகள் மஞ்சளாக ஒளிரும்.

எல்லென்பி மனதில் வைத்திருந்த வாடிக்கையாளர், விமானத்தில் பறந்துகொண்டே இருக்கும் பெரிய கம்பெனி நிர்வாகி. மேசையில் நின்ற பெர்சனல் கம்ப்யூட்டரே ஆடம்பரமாக இருந்த நாளில், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலையில் ஒன்றை வாங்க எத்தனை நிர்வாகிகள் வருவார்கள்? கம்பாஸை உண்மையில் விரும்பி வாங்கியவர்கள் அமெரிக்க ராணுவத்தினரும் நாசாவும். அவர்களுக்குப் பிடித்துப்போனவை இரண்டு. ஒன்று, வார்த்தெடுத்த மெக்னீசியக் கலப்பு உலோக உறை. மற்றொன்று, அசையும் பாகமே இல்லாத நினைவகம்.

அந்த நினைவகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், இப்போது யாரும் பேசுவதில்லை என்பதால். காந்தக் குமிழி நினைவகம் என்று பெயர். கோமேதகம் இருக்கிறதே, அது சேர்ந்த கார்னெட் குடும்பத்துப் பொருளை மெல்லிய படலமாக வளர்த்தெடுப்பார்கள். சரியான காந்தப்புலத்தில் வைத்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத காந்தப் புள்ளிகள், குமிழிபோல, தோன்றும். குமிழி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. சுழலும் காந்தப்புலம் ஒன்று அவற்றை வரிசையாக நகர்த்திக்கொண்டு போகும். நகர்வது குமிழிதான், பொருள் அல்ல. தேய எதுவும் இல்லை, அதிர்ந்தால் உரச எதுவும் இல்லை, மின்சாரம் போனாலும் தகவல் அழியாது. கம்பாஸில் இருந்தது 400 கிலோபைட்டுக்கும் குறைவு. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதில் அடங்காது. ஆனால் குலுங்கும் வண்டியில் அன்றைய ஹார்டு டிஸ்க்கை நம்ப முடியாத நிலையில், இது போதுமானதற்கும் மேல்.

1983 நவம்பரில் விண்வெளி ஓடத்தின் ஒன்பதாவது பயணத்தில் கம்பாஸ் மேலே போனது. பூமியின் வரைபடத்தில் ஓடம் இப்போது எங்கே இருக்கிறது என்று வீரர்களுக்குக் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. அதற்கு முன் நாசா செய்ய வேண்டியிருந்த மாற்றம் ஒன்று உண்டு: உள்ளே ஒரு விசிறி வைத்தார்கள். தரையில் சூடான காற்று தானாக மேலே எழும்பும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். எடையற்ற நிலையில் மேல் ஏது, கீழ் ஏது? சூடான காற்று சிப்பைச் சுற்றி அப்படியே போர்வைபோல நின்றுவிடும். ராக்கெட்டின் அதிர்ச்சியைத் தாங்கும் பெட்டிக்கு, மேலே போனதும் மூச்சுமுட்டும் என்பதை யோசித்து வைத்த விசிறி அது.

பூமியிலும் இதே மூச்சுதான் பிரச்சினை, வேறு வகையில்.

மழை வலுத்த பிறகு தெருமுனைக் கண்காணிப்புக் கேமராவை அண்ணாந்து பாருங்கள். கண்ணாடிக் குமிழின் உள்பக்கம் பனிபூத்திருக்கும். நீர் புகாத கேமரா என்று சொல்லித்தான் மாட்டியிருப்பார்கள். பொய்யும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று கணக்குப் போடலாம். மதிய வெயிலில் கறுப்புப் பெட்டியின் உட்புறம் 60 டிகிரி. திடீரென்று மழை கொட்டி 25 டிகிரிக்கு இறங்குகிறது. அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் இதனால் பத்தில் ஒரு பங்கு குறையும். அந்த வித்தியாசம், ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். கணினிகளின் விளம்பரத்தில் ‘ஐபி67’ என்று பார்த்திருப்பீர்கள். அதில் 7 என்பதன் பொருள், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் பாதகமில்லை என்பது. வெயிலும் மழையும் மாறிமாறி வரும் ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன முழுக்கு. சோதனைக்கூடத்தில் அரை மணி. மொட்டைமாடியில் ஐந்து வருடம். ரப்பர் வளையத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், பெட்டி உறிஞ்சிவிடும். பகலில் சூடேறும்போது காற்றைத் துப்பும், இரவில் ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் எளிதில் வெளியே போகாது.

இறுக்கி மூடுவது இதற்குத் தீர்வு என்று தோன்றும். அனுபவப்பட்டவர்கள் செய்வது நேர்மாறு: பெட்டியில் வேண்டுமென்றே ஓட்டை போடுகிறார்கள். சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை, அதன்மேல் வெள்ளைத் தாள்போல ஒரு சவ்வு. டெஃப்ளானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தால் அது கோடிக்கணக்கான நுண்துளைகளாக விரியும் என்று 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்தாரே, மழைக்கோட்டுத் துணியில் வரும் அதே பொருள். துளைகள் வழியே காற்று போய்வரும். நீர்த்துளி நுழைய முடியாது. பெட்டி நிதானமாக மூச்சுவிடுகிறது, உறிஞ்ச வேண்டிய கட்டாயம் இல்லை. நீராவி மட்டும் உள்ளே வரும், அதைத் தடுக்க முடியாது. அதனால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் பூச்சு ஒன்றைத் தெளித்துவிடுகிறார்கள்.

ஐபி67-இல் முதல் இலக்கமான 6 தூசிக்கானது. அந்தச் சோதனையில் பயன்படுவது நாம் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரின் மூலப்பொருளேதான். கணினியை ஒரு கூண்டில் வைத்து, கணினிக்குள்ளிருந்து காற்றை மெல்ல உறிஞ்சியபடி, வெளியே மணிக்கணக்கில் டால்க் தூளைச் சுழலவிடுவார்கள். திறந்து பார்த்தால் ஒரு துகள்கூட உள்ளே இருக்கக் கூடாது. இன்னொரு விஷயம்: 7 வாங்கிய பெட்டி, தண்ணீர்த் தாரையால் அடிக்கும் 5-ஆம் எண் சோதனையையும் தாண்டியதாக அர்த்தமில்லை. இரண்டும் தனித்தனி. முங்கிக் குளிப்பவனால் தீயணைப்புக் குழாய்க்கு முன்னால் நிற்க முடிய வேண்டும் என்று கட்டாயமா?

கிடங்கு ஃபோர்க்லிஃப்டின் கணினிக்கு வேறு மாதிரிச் சோதனை. மைனஸ் 25 டிகிரி உறைகிடங்குக்குள் போய், மூன்று நிமிடத்தில் வெக்கையான ஏற்றுதளத்துக்கு வெளியே வரும். குளிர்ந்த சொம்பில் வியர்ப்பதுபோலத் திரை, பலகை, இணைப்பான் எல்லாம் வியர்க்கும். உள்ளே போனதும் அந்த வியர்வை பனிக்கட்டியாகும். ஒரு நாளில் இப்படி ஐம்பது நடை. குளிர்கிடங்கில் ஓடும் கணினிக்குள் ஹீட்டர் வைப்பது கேலியாகத் தெரியலாம். ஆனால் திரையும் பலகையும் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அவற்றின்மேல் ஈரம் படியாது.

இனி சூடு. தூசிக்கு அஞ்சி விசிறித் துளைகளை அடைத்துவிட்டோம். சிப்பில் பிறக்கும் வெப்பம் எப்படி வெளியேறும்? உறை வழியாகத்தான். மெக்னீசிய உறை வலிமைக்காக என்றே பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்த அந்த உலோகம், பிளாஸ்டிக்கைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். கம்பாஸிலேயே உறைதான் வெப்பத்தை வெளியேற்றும் தகடு. மடியில் வைத்தால் சுட்டது.

இந்த வெப்பக் கணக்கு மீறினால் முதலில் போவது பெரும்பாலும் சிப் அல்ல, பக்கத்தில் நிற்கும் சின்ன உருளை: மின்பகு மின்தேக்கி. டிவி மெக்கானிக் கடையில் தலை உப்பிப்போய்க் கிடக்குமே, அது. உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்ல வற்றுகிறது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலின் பழைய கட்டைவிரல் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும் மின்தேக்கி, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். இடைவிடாமல் ஓடினால் மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். இன்னும் பத்து டிகிரி குறைத்தால் ஏழு வருடம். ‘இவ்வளவு விலை, ஆனால் இரண்டு தலைமுறைக்கு முந்தைய பிராசசரா?’ என்று வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கொடுத்த காசு வேகத்துக்கு அல்ல, அந்தப் பத்து டிகிரிக்கு.

கடலோரத்தில் நிலைமை தலைகீழ். நல்ல பிள்ளை மெக்னீசியம் இங்கே முதல் பலி. வீட்டு கீசரைத் திறந்தால் உள்ளே ஒரு மெக்னீசியத் தண்டு இருக்கும். எஃகுத் தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரைந்துபோவதே அதன் வேலை. மெக்னீசிய உறையில் எஃகு ஸ்க்ரூ முடுக்கி, மேலே உப்புக்காற்று படியவிட்டால் அதே வேதியியல்தான். உறை கரைந்து ஸ்க்ரூவைக் காப்பாற்றும். பூச்சு சரியில்லாத பெட்டியில் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பியிருந்தால் புரிந்துகொள்ளலாம். பாலைவனத்துக்கென்று செய்த கணினியை மீன்பிடிப் படகுக்கு விற்கக் கூடாது. எல்லாவற்றையும் தாங்கும் பெட்டி என்று ஒன்று கிடையாது. யாருக்கு, எங்கே, எதைத் தாங்க என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன அமெரிக்கத் தொகுப்பும் அதையே வற்புறுத்துகிறது: பொருள் போகப்போகும் இடத்தைப் பார்த்துச் சோதனையை வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள் என்று.

இதை வைத்து வியாபாரம் செய்வது எப்படி? ஒரு சிறு கணக்கு. உறைக்கான அச்சு செய்ய ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் கணினி விற்பவனுக்கு ஒரு பெட்டிக்குப் பத்து ரூபாய். 2,000 விற்பவனுக்கு ஐயாயிரம். அச்சு மட்டும் இது. சோதனைக்கூடச் செலவு, உடைத்துப் பார்த்த கணினிகள், வெடிவாயு இருக்கும் இடத்துக்கென்றால் அதற்கான தனிச் சான்றுகள் எல்லாம் இதே சின்ன எண்ணால்தான் வகுபடும். விலை இரண்டு மூன்று மடங்காவது பேராசையால் அல்ல.

அதைவிடப் பெரிய தலைவலி காலம். கடைக் கணினிக்காரர் ஆண்டுதோறும் மாடலை மாற்றலாம். மின்வாரியமோ ராணுவமோ 500 கணினி வாங்கினால், வண்டியில் துளைபோட்டுத் தாங்கி பொருத்தி, மென்பொருளைச் சோதித்து, ஆட்களைப் பழக்கி, பத்து வருடம் அதையே வைத்திருப்பார்கள். ஏழாவது வருடம் ஒன்று பழுதானால் அதே அளவு, அதே இணைப்பான் வேண்டும். சிப் கம்பெனியோ நாலாவது வருடத்திலேயே ‘உற்பத்தி நிறுத்தம், இத்தனை மாதத்துக்குள் கடைசி ஆர்டர் கொடுங்கள்’ என்று கடிதம் போட்டுவிடும். இன்னும் ஆறு வருடத்துக்கு எத்தனை தேவைப்படும்? குறைத்து வாங்கினால் வாடிக்கையாளர் முன் தலைகுனிவு. கூட்டி வாங்கினால் முதல் எல்லாம் கிடங்கில் தூங்கும். முரட்டுக் கணினிக் கம்பெனிகள் ஜீப் ஏறிச் சாவதில்லை, இந்தக் கடிதத்தில்தான் சாகின்றன.

கிரிட்டுக்கும் அடி வந்த திசை அதுதான். ஹார்டு டிஸ்க் மலிவாகவும் சிறிதாகவும் ஆக ஆக, குமிழி நினைவகம் செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1981-லேயே விலகியிருந்தது. இன்டெல்லும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கைகழுவியது. கம்பாஸின் பெருமையான பாகத்தைச் செய்ய ஆள் குறைந்துகொண்டே போனது. 1988-இல் கிரிட்டை டாண்டி நிறுவனம் வாங்கிக்கொண்டது. பிறகு வந்தவர்கள் பாடம் கற்றவர்களாகத் தெரிகிறார்கள். 1989-இல் தைவானின் மைடாக் குழுமமும் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் விண்வெளிப் பிரிவும் சேர்ந்து கெடாக்கை ஆரம்பித்தன. 1996-இல் பானசோனிக் டஃப்புக்கைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் பின்னால் பெரிய மின்னணுக் குடும்பம் உண்டு. உதிரி பாகம் கிடைக்காத ஆண்டைத் தாண்டிப் பிழைக்க அந்தத் தெம்பு வேண்டும்.

நம் பக்கத்தில் இதே பாடத்தைக் கம்ப்யூட்டர் என்ற பெயரே இல்லாமல் செய்துகாட்டிய பொருள் ஒன்று உண்டு: மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதாவுக்கு அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு உண்டு என்பது வாசகர்கள் அறிந்ததே. 1982-இல் கேரளத்தின் பறவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் இறங்கியது. கம்பாஸ் கடைக்கு வந்த அதே வருடம். சுவர் மின்சாரத்தை நம்பாமல் பேட்டரியில் ஓடுவது, விசிறி இல்லாதது, ஒரே வேலை. மாட்டுவண்டியும் படகும் ஏறிப்போய், வருடக்கணக்கில் கிடங்கில் படுத்திருந்து, எழுப்பிய அன்று வேலை செய்ய வேண்டும். அது வேகமாக இல்லையே என்று இதுவரை யாரும் குறைப்பட்டதில்லை.

கிரிட்டின் கதை டாண்டியோடு முடியவில்லை. 1993-இல் அதன் பிரிட்டிஷ் கிளையை அங்கு வேலை செய்த நிர்வாகிகளே வாங்கி, கிரிட் டிஃபென்ஸ் சிஸ்டம்ஸ் என்று பெயரிட்டு, ராணுவத்துக்கு முரட்டுக் கணினி செய்யத் தொடங்கினார்கள். நிர்வாகிகளுக்கு விற்க நினைத்த பெயர், கடைசியில் போர்வண்டிகளில் நிலைத்தது.

நீங்கள் ஒருவேளை தொழிற்சாலைக்கோ படகுக்கோ இப்படியொரு கணினி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லிவைக்கிறேன். பெட்டியின்மேல் ‘மிலிட்டரி கிரேடு’ என்று ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒரு சான்றிதழை அமெரிக்க ராணுவம் யாருக்கும் தருவதில்லை. சோதித்தேன் என்று விற்பவரே சொல்லிக்கொள்வதுதான். அந்த 26 வீழ்ச்சிகளையும் ஒரே கணினி தாங்க வேண்டும் என்றுகூட விதி இல்லை. ஐந்து கணினிகள்வரை பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. எத்தனை கணினிகள் பங்கு போட்டுக்கொண்டன, விழும்போது அவை ஓடிக்கொண்டிருந்தனவா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, ஏழாவது வருடம் இதற்கு உதிரி பாகம் தருவீர்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.